தோப்பு முனைச் சத்தம்

செம்மணக்கொல்லைக்காரர்களிடம் அந்தச் சத்தம் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பொங்கலுக்கு முந்தியா பிந்தியா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்களே தவிர, ஒரு சத்தம் எப்படி ஆளில்லாமல், மிஷினில்லாமல், வெறும் மணலுக்கு மேலே இடுப்பு உயரத்தில் தானாக நின்றுகொண்டிருக்கும் என்கிற கேள்வி மட்டும் அவர்கள் காதில் ஏறாது. நின்றது, அவ்வளவுதான். கிணறு தோண்டினால் சில இடத்தில் உப்புத் தண்ணீர் வரும், சில இடத்தில் நல்ல தண்ணீர் வரும், தோப்பு முனையில் சத்தம் வந்தது என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தச் சத்தத்தால் வெட்கப்பட்டவன் ஊரிலேயே ஒரே ஒருத்தன்தான், அவன் பெயர் தனவேல்.

தனவேல் சவுக்கு வெட்டுகிறவன். கடலோர மணலில் மைல் கணக்கில் நிற்கிற சவுக்குத் தோப்புகளைக் கோடாலியாலும் கைரம்பத்தாலும் வெட்டிக்கொண்டிருந்த ஊரில், பெட்ரோலில் ஓடுகிற மரம் அறுக்கும் மிஷினை முதலில் வாங்கிவந்தவன் அவன். கடலூரில் அதை விற்ற கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமைசாலி, கடைக்குப் பின்னாலிருந்த மண் தரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணுகிற விதத்தைச் செய்தே காட்டினார்: மிஷினைத் தரையில் வை, பின்பிடிக்குள் வலது காலின் முனையை நுழைத்து அழுத்தி மிதி, முன்பிடியை இடது கையால் அமுக்கு, அதற்கு முன்னால் கைக்குத் தடுப்பாக நிமிர்ந்து நிற்கிற காப்பை முன்பக்கம் தள்ளினால் பிரேக் விழும், சங்கிலி அசையாது, பிறகு சோக்கை இழு, பிறகு கயிற்றை இழு, அதற்கெல்லாம் முந்தி சுற்றிலும் ஆள் நிற்கிறதா என்று பார். தனவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒரே ஒரு சொல்தான் அவனுக்கு இடித்தது. மிதி என்றாரே.

செம்மணக்கொல்லையில் சோறு போடுகிற பொருளைக் காலால் தொடமாட்டார்கள். தெரியாமல் பட்டுவிட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதிலும் ஒரு தோப்பை வெட்ட ஆரம்பிக்கிற அன்றைக்கு மிஷினுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சாமந்தி மாலை போட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். பொட்டு வைத்த முகத்தில் எவன் காலை வைப்பான்? மாலையை மாட்டுவதற்கு அந்த மிஷினில் தோதாக இருந்ததோ ஒரே இடம்தான், நிமிர்ந்து நிற்கிற அந்தக் காப்பு. அதை முன்னால் தள்ளினால் மாலை சங்கிலியில் போய் நசுங்கும், அபசகுனம். ஆக, காலும் வைக்கக் கூடாது, பிரேக்கும் போடக் கூடாது. தனவேல் இடது கையால் மிஷினைத் தூக்கிப் பிடித்து, கீழே வீசுகிறவன் மாதிரி விட்டு, விடுகிற வேகத்திலேயே வலது கையால் கயிற்றைச் சுண்டி இழுப்பான், மிஷின் அந்தரத்திலேயே உறுமிக்கொண்டு எழும்பும், மாலை ஆடும், நின்றவர்கள் விசிலடிப்பார்கள். இதில் பக்தி பாதி, பவிசு பாதி. பவிசு பாதிக்கும் மேலே என்று தனவேலுக்கே தெரியும்.

சத்தம் வந்த அந்தத் தை மாதத்தில் கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவள் அஞ்சலாட்சி. வெட்டிச் சாய்த்த சவுக்கிலிருந்து மிளாறு என்கிற சிறு கிளைகளைக் கழித்துக் கட்டுக் கட்டுகிற பெண்களுக்கெல்லாம் தலைவி அவள், தனவேலுக்குச் சொந்தமில்லை என்றாலும் அக்கா, மீசை முளைக்காத வயசில் அவனை முதன்முதலில் தோப்பு வேலைக்குக் கூட்டிக்கொண்டுபோனவள். தட்டைக் காட்டி முடித்தவள் விலகுவதற்குள், விசிலுக்கு ஆசைப்பட்டவன் கயிற்றைச் சுண்டிவிட்டான். மிஷின் கையில் நிற்காமல் திரும்பிற்று. கற்பூரத் தட்டு இரண்டாக விழுந்தது, அதோடு அவளுடைய இடது கையின் இரண்டு விரல்களும் விழுந்தன.

மிஷினை யாரோ அணைத்தார்கள். அஞ்சலாட்சியை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். திரும்பிவந்து பார்த்தால் மிஷின் அணைந்துதான் கிடக்கிறது, ஆனால் சத்தம் மட்டும் தோப்பு முனையில், அவன் கயிற்றை இழுத்த அதே இடத்தில், ஒரு கூண்டு வண்டி அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு உறுமியபடி நின்றது. உள்ளே போனால் தன் குரல் தனக்கே கேட்காது. வெளியே வந்தால், ஊரின் கடைசி வீடு வரைக்கும் அது ஒரு சீரான இரைச்சலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். மணலைக் கொட்டிப் பார்த்தார்கள், சத்தம் மணல்மேட்டுக்கு மேலே ஏறி நின்றுகொண்டது. மின்வாரியத்து ஆள் வந்து, இதில் கரண்ட் சம்பந்தம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏட்டய்யா வந்து, யார் மேல் புகார் எழுதுவது என்று கேட்டபோது, எல்லாரும் தனவேலைப் பார்க்காமல் இருப்பதற்காக வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம், பழகிவிட்டது. காட்டுப்பன்றிகள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தின, மணிலாக் கொல்லைகளில் கடலை பிழைத்தது. வெளியூருக்குக் கல்யாணத்துக்குப் போனவர்கள் சத்தமில்லாமல் தூக்கம் வரவில்லை என்று விடிவதற்குள் திரும்பி வந்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர், ‘தனவேல் சத்தமெல்லாம் எறங்கு’ என்று கூவ ஆரம்பித்தார், நிறுத்தத்துக்கு அதுவே பெயராயிற்று, அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் தனவேல் பனங்காட்டுக்குள் குறுக்கே இறங்கி நடந்தான்.

அந்தச் சத்தத்துக்குள் போய் எதையும் சொல்லலாம் என்று முதலில் கண்டுபிடித்தவள் டீக்கடை மதியழகனின் மனைவி. மாமியார் மீது இருந்த கோபத்தில் விறுவிறுவென்று நடந்துபோய் அதற்குள் நின்று, வாய் வலிக்கிற மட்டும் கத்தித் தீர்த்துவிட்டு, பேன் பார்த்த தலை மாதிரி லேசாகி வெளியே வந்தாள். அடுத்த நாள் அந்த மாமியாரே போனாள். அப்புறம் யார்தான் போகவில்லை? கடன்காரனிடம் பேச முடியாததைப் பேசப் போனார்கள், செத்துப்போனவர்களிடம் கேட்க மறந்ததைக் கேட்கப் போனார்கள், உள்ளாட்சித் தேர்தலில் நின்ற ஒருவர் தான் உண்மையில் என்ன செய்யப் போகிறார் என்பதை அதற்குள் நின்று சொல்லிவிட்டு வந்து பிரச்சாரத்தைத் தொடர்ந்தார். வாயசைவைப் பார்த்து விஷயத்தைப் பிடிக்கிற கெட்டிக்காரிகள் எந்த ஊரில் இல்லை? அதனால் சுற்றிலும் கீற்றுத் தட்டி கட்டினார்கள். உள்ளே ஆளிருந்தால் தட்டியின் மேல் துண்டைப் போட வேண்டும் என்று வழக்கம் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மதியழகன் அங்கே இன்னொரு டீக்கடை போட்டான். ஊரில் சண்டை குறைந்தது, அடிதடி நின்றது, நெஞ்சில் இருக்கிறதெல்லாம் சத்தத்துக்குள் போய்விட்டதால் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டு நல்லபடியாக இருந்தார்கள்.

தனவேலிடம் டீக்குக் காசு வாங்க மறுத்தான் மதியழகன். “உங்கிட்ட வாங்குனா சோறு செமிக்குமாண்ணே?” என்றான். தனவேல் அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். யாராவது திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பான். மிஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மூட்டை தூக்கவும் மண் வெட்டவும் போய்க்கொண்டிருந்தான், வெட்கம் அவனைத் தலை நிமிரவிடவில்லை.

அஞ்சலாட்சி அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவளின் கட்டில் ஓரத்தில் அவன் வாயைத் திறப்பதற்கு முந்தியே, “வுடுடா, நீ என்னா வேணும்னா பண்ணுன? ரெண்டு வெரலுதான, போய்த் தொலையுது,” என்று சிரித்தாள். பெருந்தன்மைக்காரி என்று ஊரே கொண்டாடியது. மிளாறைப் பிடிக்க இடது கை உதவவில்லை என்று வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள், கூடப் பிறந்த தம்பி வீட்டுச் சோற்றைத் தின்றாள், போகிற வருகிறவர்களிடம் மிச்சமிருந்த விரல்களை ஆட்டிக் காட்டி, “சோறு திங்கிறது சோத்தாங்கைதான, இது கெடக்குது நொட்டாங்கை,” என்று வேடிக்கை பேசினாள். அவள் சிரிக்கச் சிரிக்கத் தனவேலுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருக்கிறதே என்று அவமானமாகவும் இருந்தது. அவன் இன்றுவரை அவளிடம், நான் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையை அவளுடைய சிரிப்பே முடித்துவிட்டதாக வைத்துக்கொண்டான்.

அவன் மனைவி சுந்தரி விடவில்லை. “அந்தக்கா சிரிச்சா ஒனக்குத் தீந்துபோச்சா? நேராப் போயி ஒரு வார்த்த சொல்லிப்புட்டு வாயேன், வாயில முத்து கொட்டிடுமா?” என்று சாணி தெளிக்கும்போதும் சொன்னாள், சோறு போடும்போதும் சொன்னாள். கடைசியில் ஒரு நாள் போனான். அஞ்சலாட்சி வேலி ஓரத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அக்கா, நான் அன்னிக்கி...” என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், தோப்பு முனையில் சத்தம் பெட்ரோல் தீரப்போகிற மிஷினைப் போல இரண்டு தடவை விக்கியது. ஊரில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தித் தலையைத் தூக்கினார்கள். தனவேல் பயந்து, “கீர நல்லா துளுத்திருக்குக்கா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். சத்தம் பழையபடி சீராயிற்று.

வேலியோரம் அவன் வாயெடுத்ததும் சத்தம் விக்கியதும் ஒன்றாக நடந்ததைப் பார்த்தவர்கள் போய்ச் சொல்ல, அன்று சாயங்காலமே ஊர்த்தலைவர் இராமலிங்கம் ஆட்களோடு அவன் வீட்டுக்கு வந்தார். வந்தவர்கள் வாழைத்தாரும் வெற்றிலையும் கொண்டுவந்திருந்தார்கள்.

“தம்பி, ஒனக்கு அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கணும்னு இருக்கு, நல்ல கொணம், நாங்க இல்லைங்கல,” என்றார் தலைவர். “ஆனா ஊரயும் பாக்கணும்ல? அது நின்னுபோச்சுன்னா இத்தன சனம் எங்க போயிப் பேசும்? மனசுலயே கேட்டுக்க. சாமிகிட்ட கேட்டுக்க. வாயத் தொறக்காத.”

“சரிங்க மாமா. ஊருக்காக,” என்றான் தனவேல்.

எவ்வளவு சீக்கிரமாகச் சொன்னான் என்பதை அவனே கவனித்தான். தலையில் இருந்த மூட்டையை யாரோ வாங்கி இறக்கிய மாதிரி இருந்தது. கதவோரம் நின்ற சுந்தரி அவனைப் பார்த்த பார்வையில் அன்றிரவு அவன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, அவளும் துண்டை எடுத்துக்கொண்டு தோப்பு முனைக்குப் போகத் தொடங்கினாள், உள்ளே நின்று யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை.

இப்படியே ஆடி போய், ஆவணி போய், ஆயுத பூசையும் வந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எடுத்து வைக்காமல் பூசை எப்படி? தனவேல் மிஷினைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பொட்டு மட்டும் வைத்தான். மாலை போடவில்லை. இழுத்துப் பார்க்கவும் கை வரவில்லை.

பூசைக்கு மறுநாள் ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள். தனவேல் வரிசையில் நின்றான், அவனுக்கு நாலைந்து பேர் முன்னால் அஞ்சலாட்சி. அவள் முறை வந்தபோது பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அளக்கிறவர் அரிசியைக் கொட்டினார். இடது பக்கம் பிடி நிற்கவில்லை, பை மடங்கியது, பாதி அரிசி மண்ணில் போயிற்று. “பாத்தியா, கோழிக்கும் சேத்து வாங்குறேன் நானு,” என்று அவள் சிரித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் குந்தி உட்கார்ந்து, அந்தக் கையால் அரிசியைக் கூட்டக் கூட்ட அது விரல் இல்லாத சந்து வழியாக ஒழுகிக்கொண்டே இருந்தது, அதையும் அவள் வேடிக்கையாக்கினாள், வரிசை இன்னும் சிரித்தது.

அந்தச் சிரிப்பில் தன் குரலும் இருந்ததைத் தனவேல் கேட்டான். தன் வாய்தான், தன் பல்தான். குனிந்து அவளுக்கு ஒரு பிடி அரிசி அள்ளிக்கொடுக்கக்கூட முடியாமல் அப்படியே நின்றான், அவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போன பிறகுதான் அவனுக்குக் கால் வந்தது.

வரிசையை விட்டு நேராக அவள் வீட்டுக்கு நடந்தான். வழியில் தலைவர், “என்னா தம்பி, அரிசி வாங்கலியா?” என்று கேட்டும் நிற்காமல் நடந்தான். அஞ்சலாட்சி வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது, உள்ளேதான் இருப்பாள் என்று எண்ணினான், கூப்பிட்டால் வந்து சிரித்துவிடுவாள், சிரித்தால் தன் வாய் அடைத்துவிடும் என்று பயந்து, கூப்பிடாமலே கதவைப் பார்த்துப் பேசினான்.

“அக்கா, நான் பண்ணுனது தப்பு. தெரியாமப் பண்ணல. எப்பிடி ஸ்டார்ட் பண்ணணும்னு எனக்கு அந்தக் கடைக்காரரு சொல்லித்தான் குடுத்தாரு. பக்கத்துல ஆளு நிக்கிறது தெரியும். நீ நிக்கிறதும் தெரியும். விசிலடிப்பானுவோன்னு இழுத்தேன். சாமிக்காக இல்லக்கா. என்னய மன்னிச்சிக்க.”

சத்தம் நின்றுபோனது.

கடலலையும் காகமும் திடீரென்று கேட்டன. ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் குரல் ரொம்பப் பெரியதாக இருப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அமைதிக்குள், தோப்பு முனைக் கீற்றுத் தட்டிக்குப் பின்னாலிருந்து, கத்துகிற வேகத்தில் சத்தம் நின்றுபோனதை அறியாத ஒரு குரல் மட்டும் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. கடைசி வீடு வரைக்கும் அது துல்லியமாகக் கேட்டது. அஞ்சலாட்சியின் குரல். ரேஷன் கடையிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை, பையோடு அங்கேதான் போயிருந்தாள்.

“...எரியுதுடி யம்மா! இல்லாத வெரலு எரியுதே, நான் எங்கன்னு தடவுவேன்! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வாயி வலிக்குதுடா! ஊருல ஒருத்தன், ஒரே ஒருத்தன், வலிக்குதா அஞ்சலன்னு கேட்டீங்களாடா பாவிங்களா! டேய் தனவேலு, ஒன்னய நான் இடுப்புல தூக்கிட்டுப் போகல, கையப் புடிச்சித் தோப்புக்குக் கூட்டிட்டுப் போனேன்டா, இந்தக் கையாலதான்டா...”

மதியழகன் கையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது. தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரேஷன் வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள், தரையில் இன்னும் அரிசி கிடந்தது.

தனவேல் ஓடினான். அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அவள் அழுகை அவளுடையது, அதை இத்தனை பேர் கேட்கக் கூடாது. வீட்டுக்குள் புகுந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு தோப்பு முனைக்கு ஓடினான். தட்டிக்கு நன்றாக எட்ட, சங்கிலி ஓடுகிற அலகு தோப்பைப் பார்க்கிற மாதிரி மணலில் மிஷினை வைத்தான். சுற்றிலும் பார்த்தான். காப்பை முன்னால் தள்ளினான், பிரேக் விழுந்த சின்னச் சத்தம் கேட்டது. நேற்று வைத்த பொட்டு பின்பிடிக்கு மேலே சிவப்பாக இருந்தது, அதற்குக் கீழே வலது காலை நுழைத்து அழுத்தி மிதித்தான். இடது கையால் முன்பிடியை அமுக்கிக்கொண்டு, சோக்கை இழுத்து, கயிற்றை இழுத்தான். இருமியது. சோக்கைப் பாதி தள்ளி மறுபடி இழுத்தான். மிஷின் உறுமி எழுந்தது, சங்கிலி அசையவில்லை. அவள் குரல் அதற்குள் அமுங்கிப்போயிற்று. தனவேல் காலை எடுக்காமல், தட்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தபடியே நின்றான், அவன் கண்ணிலிருந்து வழிந்தது மணலில் சொட்டியது.

சத்தம் வெளியே இருந்து வருவதை அஞ்சலாட்சி உணர்ந்திருக்க வேண்டும். தட்டியை விலக்கிக்கொண்டு வந்து, அவன் முன்னால் சுற்றி வந்தாள், ஆனால் எட்டவே நின்றாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவள் வாய் அசைந்தது, அவனுக்குக் கேட்கவில்லை. அவள் அந்த இடது கையை அவன் முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினாள். அவன் அதை இதுவரைக்கும் நேராகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். பார்த்துக்கொண்டே ஸ்விட்சை அழுத்தி மிஷினை அணைத்தான்.

“எதுக்குடா இதப் போட்ட?” என்றாள் அஞ்சலாட்சி.

“ஒன் கொரலு ஊரெல்லாம் கேக்குதுக்கா. சத்தம் நின்னுபோச்சு. அதான் மறைக்கலாம்னு...”

அவள் திரும்பி ஊரைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது, ஒருவரும் அசையவில்லை, சுந்தரி மட்டும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பாதி வழி வந்திருந்தாள். அஞ்சலாட்சியின் முகத்தில் எப்போதும் வருகிற அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

“மறைச்சது போதும். கேக்கட்டும்,” என்றாள். “நீ மொதல்ல கேளு.”

தனவேல் காலைப் பின்பிடியிலிருந்து எடுத்து, நிமிர்ந்து நின்றான். அவள் மணலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, கற்பூரம் கொளுத்தியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள், ஊர் முழுக்கக் கேட்டது.